சஷ்டி அண்டாவும் ஆறு கிலோ கோழியும்

தெப்ராவ்
புதன்கிழமை, சாயங்காலம்

என்றும் என் வணக்கத்துக்குரிய செல்வராணி அக்கா அவர்களின் சமுகத்துக்கு,

தம்பி சபாபதி தெப்ராவிலிருந்து இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இரு கையும் கூப்பிக்கொண்டு எப்படி எழுதுகிறான் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கூப்பிக்கொள்கிறேன். இங்கே நானும் ஷாமளாவும் மகள் லோஷினியும் உடம்பளவில் நலம். அங்கே சிம்பாங் ரெங்கத்தில் தங்கள் முழங்கால் வலி குறைந்ததா, மாமாவுக்குச் சர்க்கரை குறைந்ததா, தங்கள் மகன் பெண்டாட்டி ரூபினிக்கு வாய் குறைந்ததா என்று அறிய ஆவல். முதல் இரண்டுக்கும் கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதற்கு எந்தச் சாமி என்று தெரியவில்லை.

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். காரணம் அந்த ரூபினிதான். உங்கள் போனைப் பார்ப்பது அவள், உங்களுக்குப் படித்துக் காட்டுவது அவள், படித்துக் காட்டுவதற்கு முன்னால் குடும்பக் குழுவில் போடுவதும் அவள். போன வருஷம் எனக்கு மூலம் என்று தங்களுக்கு மட்டும் ரகசியமாக அனுப்பிய குரல் செய்தியை நாற்பத்து மூன்று பேர் கேட்டு, அதில் பதினேழு பேர் கும்பிடும் கை அனுப்பி, பினாங்கிலிருந்து ஒரு மனுஷர் தபாலில் லேகியமே அனுப்பிவிட்டார். ஆகவே இந்த விஷயம் பேப்பரில். நாளைக்கு மாமா அண்டாவை எடுத்துப்போக வருகிறார் அல்லவா, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அண்டாவைத் தொடுவதற்கு முன்னால் கடிதத்தைப் படிக்கவும். உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்ளவும்.

ஆமாம் அக்கா. அண்டா விஷயம்தான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் தாமான் குடியிருப்புப் பெருமாள் கோயிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் என் உபயம் என்று கூட்டத்தில் தெரியாத்தனமாகக் கை தூக்கிவிட்டு, எண்பது பேருக்குப் பொங்கல் வைக்க வீட்டில் பாத்திரம் இல்லாமல், குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் தங்களிடம் அண்டா கேட்டேன். தாங்களும் தட்டாமல் கொடுத்தீர்கள். சாதாரண அண்டாவா அது? இருபது வருஷமாகக் கந்த சஷ்டிக்கு மட்டும் சாமி அறையிலிருந்து இறங்கும் அண்டா. கவிச்சி என்ற பேச்சையே கேட்டறியாத அண்டா. விளிம்பில் 'செல்வராணி ஐயாசாமி' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிய அண்டா. மகன் ரூபேந்திரன் காரை ஓட்ட, தாங்களே அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியதும், என் கையில் கொடுக்கும்போது சொன்னதும் இன்னும் காதுக்குள் இருக்கிறது. "டேய் சபா, இது என் சஷ்டி அண்டா. இதுல ஒரு முட்டை அவிச்சேன்னு தெரிஞ்சாலும் அன்னையோட உனக்கு அக்கா இல்ல, எனக்குத் தம்பி இல்ல." அன்றைக்குப் பொங்கல் சாப்பிட்டவர்கள் எல்லாம் என்னவோ ஒரு தனி மணம் இருக்கிறதே, என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார்கள். கோயில் தலைவர் சதாசிவம் பிறந்ததிலிருந்து யாரையும் பாராட்டாதவர். அவரே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஏதோ வித்தியாசமா இருக்குப்பா" என்றார். தாங்கள் இரண்டாவது கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டே, "அது அண்டாவோட சுத்தம்" என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும்போது கோயிலில் கொடுத்த வாழைத்தார் இரண்டும் காரின் பின்பெட்டியை அடைத்துக்கொள்ள, அண்டாவை மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்து, எங்கள் அலமாரி மேலே ஏற்றிவிட்டு, சஷ்டிக்கு முன்னால் மாமா வந்து எடுத்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். எல்லாத் தொல்லைக்கும் அதுதான் ஆரம்பம். தங்களைக் குற்றம் சொல்லவில்லை. வாழைத்தாரைச் சொல்கிறேன்.

இப்போது கோழி எப்படி வந்தது என்று சொல்கிறேன். லோஷினி சிங்கப்பூரில் வேலை செய்யும் இடத்தில் கென்னத் என்று ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். (ரூபினிக்குத் தெரியும், ஆகவே தைப்பிங் வரைக்கும் தெரியும்.) பத்து பாகாட் ஊரில் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா பேர் டெஸ்மண்ட், அம்மா ஐலீன். தங்கமான மனுஷர்கள். ஆனால் டெஸ்மண்டிடம் ஒரு குறை, நன்றாகச் சமைப்பார். தேவாலயத்து விருந்துக்கு நூறு பேருக்குப் பிரியாணி போடுகிறவராம். முதல் தடவை போனில் பேசும்போதே அதைச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருங்க என்று ஷாமளா பக்கத்தில் நின்று கண்ணால் சொன்னாள். ஆனால் என் வாய் அமைந்த விதம் அப்படி. ரூபினியைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை! "நம்ம வீட்லயும் நான்தான் சார் சமையல். என்னோட கிச்சாப் கோழி ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க, இனிப்பும் காரமும் சும்மா பின்னும். அப்புறம் தட்டக் கழுவ வேண்டியதே இல்ல" என்று சொல்லிவிட்டேன். அக்கா, அது தங்கள் கோழி. போன தீபாவளிக்குத் தாங்கள் வைத்ததைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படத்தை அவருக்கு அனுப்பியும் வைத்தேன். கம்பெனி என்னை நல்லபடியாகப் பேசி வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது; இந்த எட்டு மாதத்தில் சமையலறையில் நான் சொந்தமாகச் செய்தது முட்டை போட்ட மேகியும், முட்டை போடாத மேகியும்.

அவர்கள் வீடு பார்க்க வருவதாகச் சொன்ன நாள் புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாசம் முழுக்கக் காய்கறி தின்று காய்ந்துபோன நம் சனங்கள் எல்லாம் கோழிக்கடை வாசலில் வரிசை பிடித்து நிற்கும் அந்த ஞாயிறு. 'அங்கிள் கை கோழி சாப்பிடத்தான் அப்பா வர்றாரு' என்று கென்னத் செய்தி அனுப்பிவிட்டான். ஷாமளாவிடம் கெஞ்சினேன். வாரத்தில் ஆறு நாள் விடியாத நேரத்தில் எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறவள், ஞாயிறு ஒரு நாள்தான் தூங்குவாள். போர்வைக்குள் இருந்தே பதில் வந்தது: "சமைக்கிறேன். ஆனா அவரு கேட்டா நான்தான் சமைச்சேன்னு சொல்லுவேன். சம்மதமா?" எனக்குச் சம்மதமில்லை. பெண்ணைப் பெற்றவன் முதல் சந்திப்பிலேயே பொய்யன் என்று பேர் வாங்கினால் கல்யாணம் எப்படி நடக்கும்? ஆகவே உண்மையை மறைக்க உண்மையாகவே சமைப்பது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை நான் தங்களுக்குப் போன் போட்டதும், தாங்கள் தொலைக்காட்சி நாடகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே செய்முறை சொன்னதும் நினைவிருக்கும். "ரெண்டு கிலோ கோழி, பெரிய வெங்காயம் ஆறு, இஞ்சி பூண்டு ஒரு கை, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கருவேப்பிலை. அரைச்ச மிளகாய் நாலு கரண்டி. கோழி பாதி வெந்ததும் கறுப்புக் கிச்சாப்பப் பாத்து ஊத்து. கடைசில குலா மலாக்கா ஒரு கட்டி தட்டிப் போடு. முடிஞ்சுது." நான் காகிதத்தில் எழுதிக்கொண்டு, "அவ்வளவுதானா அக்கா?" என்றேன். "அவ்வளவுதான்டா." மறுபடியும், "வேற ஒண்ணுமே இல்லையா அக்கா?" என்றேன். "இல்லடா. இனிப்பும் காரமும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கணும், ரெண்டுல எதுவும் ஜெயிச்சிரக் கூடாது, அதான் அந்தக் கோழி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அக்கா, அந்தச் சண்டையை நான் பார்த்தேன். மூன்று மணி நேரம் பார்த்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குவாலிச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். வெங்காயம் வதங்கியது, மிளகாய் விழுது சிரித்தது, கோழி நல்ல பிள்ளையாக உட்கார்ந்தது. கிச்சாப்பைப் பார்த்து ஊற்றச் சொன்னீர்கள். பார்த்துக்கொண்டேதான் ஊற்றினேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரைப் பாட்டில் சோயா சாறு போய்விட்டது. சரி, கருப்பாக அழகாக இருக்கிறது என்று குலா மலாக்கா வெல்லத்தையும் தட்டிப் போட்டு ருசி பார்த்தால், தீபாவளிப் பலகாரத்துக்குள் கோழி தடுக்கி விழுந்த மாதிரி இருக்கிறது. பயந்துபோய்க் குளிர்பெட்டியில் இருந்த அரைத்த மிளகாயை எடுத்து நாலு கரண்டி போட்டேன். தெரியவில்லை. இன்னும் நாலு. லோஷினி தூங்கி எழுந்த முகத்தோடு வந்து, "ப்பா, வாசனை சூப்பர்லா" என்று ஒரு கரண்டி வாயில் விட்டவள் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து அதன் அடியில் வாயை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். காரம் ஜெயித்துவிட்டது. உடனே இனிப்புக்கு ஆள் அனுப்பினேன்: குலா மலாக்கா இரண்டு கட்டி. இனிப்பு ஜெயித்தது. மிளகாய். காரம். இப்படி இரண்டு பேரும் மாறி மாறி ஜெயிக்க ஜெயிக்க, கோழி இரண்டு கிலோ அப்படியே இருக்க, குழம்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்து குவாலியின் விளிம்பைத் தொட்டது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு எட்டிப் பார்த்த ஷாமளா, "ஏங்க, இது கோழிக் கறியா, கோழி குளிக்கிற கொளமா? இன்னும் கோழி போட்டாத்தான் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் புடவை கட்டப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டியிடம் ஓடினேன். அவர் தன் குளிர்பெட்டியில் இருந்த இரண்டு கிலோவை அப்படியே தூக்கிக் கொடுத்தார். நாலு கிலோவைச் சோற்றுப் பானைக்கு மாற்றினேன். இப்போது காரமும் இல்லை, இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை. மறுபடியும் மூன்றையும் சரிக்கட்டினேன். மறுபடியும் குழம்பு ஏறியது. லோஷினியைக் கோழிக்கடைக்கு விரட்டினேன், வரிசையில் நின்று வியர்த்து விறுவிறுத்து இன்னும் இரண்டு கிலோவோடு வந்து, "ப்பா, இது கல்யாணத்துக்கு முன்னாடியா, கல்யாணத்துக்கேவா?" என்று கேட்டாள். ஆறு கிலோ, அக்கா. அந்தப் பானை நான்கு கிலோவுக்கே பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து டெஸ்மண்ட் போன்: "சபா, சிம்பாங் ரெங்கம் தாண்டிட்டோம். பசி கொல்லுது!"

தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று பொய் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. நாற்காலி மேல் ஏறியது நான்தான். மஞ்சள் துணியை அவிழ்த்ததும் இந்தக் கைதான். குங்குமம் விரலில் ஒட்டியது, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். தங்கள் குரல் காதில் கேட்டது. ஆனால் பானை பொங்குகிற சத்தம் அதைவிடப் பக்கத்தில் கேட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அது பெரிய பாத்திரம் என்பது மட்டும்தான். கொட்டினேன். கொட்டிவிட்டுக் கிண்டினேன். கிண்டிவிட்டு, முருகா, ஆறு பேர் சாப்பிட்டு எழுந்ததும் கழுவிவிடுகிறேன் என்று மேலே பார்த்துச் சொன்னேன்.

அவர்கள் வந்தார்கள். பூப்போட்ட சட்டையில் டெஸ்மண்ட், கையில் கேக் பெட்டியோடு ஐலீன், நடுவில் மாட்டிக்கொண்டவன் முகத்தோடு கென்னத். மரியாதை எல்லாம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். டெஸ்மண்ட் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடினார். நானும் மூடினேன். "சபா," என்றார், "எல்லாம் இருக்கு. இனிப்பு இருக்கு, காரம் இருக்கு, மணம் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வர மாட்டேங்குது. என்னன்னுதான் தெரியல." சொல்லிவிட்டு மூன்று தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டின் போது 'சபா' போய் 'சம்பந்தி' வந்தது. எனக்கு உலகமே இனித்தது. அந்தச் சமயம் ஐலீன், நானும் கூட எடுத்து வைக்கிறேன் என்று ஷாமளாவோடு சமையலறைக்குள் போனார். அங்கிருந்து அவர் குரல் கேட்டது: "எவ்ளோ அழகான அண்டா! இந்தக் காலத்துல பேரெல்லாம் யாரு வெட்றாங்க? செல்... வ... ராணி... ஐயாசாமி. யாரு ஷாமளா இது, உங்க அம்மாவா?" அக்கா, ஷாமளா கையில் அப்பளத் தட்டு இருந்தது. அத்தனை அப்பளமும் நொறுங்கும் சத்தம் முன்னறை வரைக்கும் வந்தது. "இல்ல... எங்க நாத்தனாரு" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இருபத்தொன்பது வருஷத்தில் இன்னொரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவள் அப்பாவைப் பெட்ரோல் எண்ணெய்க் கடையில் மறந்துவிட்டு மோட்டார் சைக்கிளை மட்டும் வீட்டுக்கு ஓட்டி வந்தேனே, அன்றைக்கு.

அவர்கள் கார் முச்சந்தி திரும்பியதும் சிரிப்பு நின்றது. "அது யாரு அண்டா?" "அக்கா அண்டா." "என்ன அண்டா?" "சஷ்டி அண்டா." "உள்ள என்ன?" "கோழி." அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுத மரியாதை இடம் கொடுக்கவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன்: "என் வாயால உங்கக்காகிட்ட பொய் சொல்ல மாட்டேன். உண்மையும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க." மீதிக் கோழியை நாலு டப்பாவில் அடைத்து உறைய வைத்துவிட்டு, அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஞாயிறு தேய்த்தேன், திங்கள் தேய்த்தேன், நேற்றும் தேய்த்தேன். புளி மட்டும் முந்நூறு கிராம், முழுப் பாக்கெட். எலுமிச்சை பன்னிரண்டு. அரிசி கழுவின தண்ணீர், சாம்பல், மஞ்சள், காப்பித்தூள். கோயில் ஐயரிடம் போய், "சாமி, ஒரு நண்பர் வீட்டுல இப்படி ஆயிருச்சு" என்று கேட்டேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க நண்பரு நல்லாத் தூங்கறாரா சபா?" என்று விசாரித்துவிட்டு, கோமியமும் மஞ்சள் தண்ணீரும் விட்டு அலசச் சொன்னார். கோமியத்துக்காக உலு திராம் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போய், ஐஸ்கிரீம் டப்பாவை ஏந்திக்கொண்டு ஒரு கறுப்பு மாட்டின் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். அது திரும்பித் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், வேலையை விட்டபிறகு நான் வந்து சேர்ந்த இடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தனை செய்தும் அண்டாவுக்குள் தலையை விட்டால் ஒரு வாடை. ஷாமளாவும் மோந்து பார்த்து, "ஏங்க, நீங்க போட்டது கோழிதானே? எனக்கென்னமோ ஆட்டு வாட மாதிரி அடிக்குது" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "செஞ்ச பாவம் பத்தாதுன்னு ஆட்டையும் என் தலையில கட்டுறியா?" என்று கத்திவிட்டேன். பாவம் செய்தவனுக்கு மூக்கும் துணை நிற்காது போலிருக்கிறது.

ஆகையால் அக்கா, தங்கள் காலில் விழுந்து சொல்லிக்கொள்வது என்னவென்றால், தங்கள் இருபது வருஷத்துச் சுத்தத்தை ஆறு கிலோவில் நான் அழித்துவிட்டேன். அடிக்க வேண்டுமென்றால் அடியுங்கள். திட்ட வேண்டுமென்றால் ரூபினியை வைத்துக்கொண்டே திட்டுங்கள். ஆனால் சொன்னபடி 'தம்பி இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லோஷினி கல்யாணத்தில் அத்தை முறை செய்ய தங்களைத் தவிர எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பரிகாரமாக, சஷ்டி முடியும் வரைக்கும் கவிச்சி தொடுவதில்லை என்று முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். நடுவில் தீபாவளி வருகிறது என்பது சத்தியம் செய்து முடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது. உறைந்திருக்கும் அந்த நாலு டப்பாவையும் தினம் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். பார்க்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை.

தாங்களும் மாமாவும் பிள்ளைகளும் எல்லா நலமும் பெற்று, கோபம் மட்டும் குறைந்து, நீண்ட காலம் வாழ வேண்டுமென்று, தண்டனைக்குக் காத்திருக்கும்

தங்கள் பாவப்பட்ட தம்பி,
சபாபதி

பி.கு. (வியாழக்கிழமை, மதியம்): அக்கா, உறையில் போட்டு ஒட்டிய கடிதத்தைக் கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன்.

மாமா வந்தார். "ஏதோ பாத்திரம் எடுத்துட்டு வரச் சொன்னா ஒங்கக்கா, எதுன்னு சொல்லல" என்றார். அண்டாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். மஞ்சள் துணியை விலக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அண்டாவின் ஒரு பக்கத்துக் காதைத் தடவிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "அலமாக்! எங்க மட்டன் அண்டா இங்கயா கெடக்கு? மூணு வாரமா வீடு பூராத் தேடுறேன்லா!"

மாமா, இது சஷ்டி அண்டா என்றேன். "சஷ்டி அண்டா சாமி ரூம்ல இருக்கு, காலையில கூடப் பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்குனது, ரெண்டுலயும் ஒரே பேருதான். இது மட்டன் வைக்கிறது. இந்தக் காது நெளிஞ்சிருக்கு பாரு, ரூபேந்திரன் கல்யாணத்துக்குப் பன்னெண்டு கிலோ ஆடு வெச்சு எறக்கறப்ப நான் கீழ போட்டேன். அவ சஷ்டி அண்டாவ என்னையே தொட விட மாட்டா, ஒனக்கா கொடுப்பா? நீ என்னைக்காவது ஒரு நாள் அதுல கோழி வைப்பேன்னு அவளுக்குத் தெரியாதா? குருப்புல அத்தனை பேரு முன்னால கேட்டுட்ட, மாட்டேன்னு சொல்ல முடியாம இதக் கொடுத்துருப்பா."

தாங்கள் என்னைப் பற்றி நினைத்தது சரியாகப் போய்விட்டது, அது வேறு விஷயம். ஆனால் அக்கா, பெருமாளுக்கு எதில் பொங்கல் வைத்தோம்? எண்பது பேர் எதில் வைத்ததைச் சாப்பிட்டார்கள்? சதாசிவம் மூக்கை உறிஞ்சியது எதற்கு? எல்லாம் தெரிந்துகொண்டே தாங்கள் இரண்டாவது கிண்ணத்தை வழித்தீர்களே, 'அண்டாவோட சுத்தம்' என்று வேறு சொன்னீர்களே! ஷாமளாவின் மூக்கிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்த மாட்டிடம் யார் கேட்பது?

இதோடு முடியவில்லை. வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாதென்று, மாமா வருகிறார் என்பதால் இன்று லீவு போட்டிருந்த ஷாமளா ஒரு டப்பாவை எடுத்துச் சுட வைத்தாள். என் சத்தியம் தப்பான அண்டாவுக்குச் செய்தது, ஆகவே செல்லாது என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டதால் நானும் உட்கார்ந்தேன். மாமா ஒரு வாய் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஏன், புளி ஊத்தலியா?" எந்தப் புளி என்றேன். "கடைசில ஒரு கொட்டைப்பாக்களவு புளியக் கரைச்சு ஊத்துவாளே ஒங்கக்கா. இனிப்பையும் காரத்தையும் புடிச்சு உக்கார வைக்கிறதே அதான். சொல்லலியா அவ?"

சொல்லவில்லை அக்கா. அவ்வளவுதானா என்று இரண்டு தடவை கேட்டேன். டெஸ்மண்டின் வாசலில் நின்றது யார் என்று இப்போது தெரிந்தது. அந்தப் புளி இருந்திருந்தால் இரண்டு கிலோ இரண்டு கிலோவாகவே இருந்திருக்கும்; நான் நாற்காலி மேல் ஏறியிருக்க மாட்டேன்.

ஆகவே, மேலே எழுதியதில் மன்னிப்பு வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நல விசாரிப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாமா இந்தக் கடிதத்தோடு மட்டும் வருகிறார். அவர் இப்போது மூன்றாவது தட்டில் இருப்பதால் சர்க்கரைக்கு நான் பொறுப்பில்லை. மட்டன் அண்டா இங்கேயே இருக்கும். தை மாதம் லோஷினிக்கு நிச்சயம். அதே கோழி வேண்டும் என்று டெஸ்மண்ட் கேட்டிருக்கிறார், அறுபது பேருக்கு. தாங்கள் முதல் நாளே வந்து சமைத்துக் கொடுத்தால் இந்தப் பின்குறிப்பைப் படம் பிடித்து ரூபினிக்கு அனுப்பாமல் இருப்பேன். சமைத்தது நான் என்றுதான் வெளியில் சொல்வோம்.

வரும்போது மறக்காமல் புளி கொண்டுவரவும். இங்கே இருந்ததெல்லாம் அண்டாவைத் தேய்த்தே தீர்ந்துவிட்டது.